ஹெலனிய காலச் சிலை எந்த ஊர்ப் பாணி என்று பார்த்தே சொல்ல முடியுமா?

அலெக்சாந்தருக்குப் பிந்தைய கிரேக்கச் சிலைகளைப் பெர்காமோன் (இன்றைய துருக்கி), ரோட்ஸ் (கிரேக்கத் தீவு), அலெக்சாந்திரியா (எகிப்து) என்று ஊர்வாரியாகப் பிரிக்கிறார்களே, பார்த்த மாத்திரத்தில் அதைச் சொல்ல முடியுமா என்பது கேள்வி. பார்த்த மாத்திரத்தில் முடியாது, வரிசையாகப் பார்த்தால் ஓரளவு முடியும். பலரும் முகத்தில் தொடங்குவதால்தான் தடுக்கி விழுகிறார்கள். முதலில் கல்லைப் பாருங்கள், அடுத்து துண்டுகள் இணையும் ஒட்டுகளை, பிறகு சிலை நின்ற இடத்தை. முகபாவம் கடைசியில் வரட்டும்.

அதற்கும் முன்னால், கையில் இருப்பது கி.மு. 323-க்கும் 31-க்கும் இடைப்பட்ட அசலா, ரோமானிய நகலா என்று தெரிய வேண்டும். வெண்கலச் சிலை உள்ளே வெற்றுக்கூடு. இரண்டு கணுக்காலில் நின்றுவிடும். அதையே பளிங்கில் செதுக்கினால் எடை தாங்காமல் கணுக்காலில் ஒடியும். எனவே நகல் எடுத்தவர்கள் காலோடு ஒட்டி ஒரு அடிமரத்தையும், கைக்கும் இடுப்புக்கும் நடுவே ஒரு கல் துண்டையும் விட்டுவைப்பார்கள். அப்படி இருந்தால் சிலை நிற்கும் தோரணையை மட்டும் நம்புங்கள். தலைமுடியிலும் கண்ணிலும் தெரிவது நகல் எடுத்தவரின் கை.

இனி கல். பாரோஸ் தீவுப் பளிங்கு வெளிச்சத்தைச் சற்று உள்ளே விடும். ஏதென்ஸ் பக்கத்துப் பெண்டெலிக் பளிங்கு நெருக்கமான மணி கொண்டது; அதிலுள்ள இரும்பால் காலப்போக்கில் தேன் நிறம் ஏறும். மர்மராத் தீவுக் கல்லில் சாம்பல் பட்டைகள் ஓடும். கண்ணால் மட்டும் தீர்மானிப்பது ஆபத்து. கல்லிலுள்ள கார்பன், ஆக்சிஜன் ஐசோடோப் சோதனையும் வேண்டும். ஆனால் சில இடங்களில் கல்லே பேசிவிடும். பாரிஸின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும் சமோத்ரேஸ் தீவு வெற்றித் தேவதையின் உடல் பாரோஸ் பளிங்கு. அவள் நிற்கும் கப்பலும் பீடமும் ரோட்ஸ் தீவின் லார்த்தோஸ் சாம்பல் பளிங்கு. இதை ரோட்ஸோடு இணைப்பதற்கு வலுவான காரணம் இந்தச் சாம்பல் கல்தான். காற்றில் ஒட்டிய ஆடை எந்த ஊர்ச் சிற்பிக்கும் வரும்.

அதே சிலையில் ஒட்டையும் கவனியுங்கள். இறக்கை தனியாகச் செதுக்கி உடலில் பொருத்தப்பட்டது. வெளித்தாங்கல் இல்லாமல் நிற்கும்படி அமைத்தது. இன்று காணும் வலது இறக்கை இடதைப் பார்த்துச் செய்த சுண்ணச்சாந்து வார்ப்பு. உடலின் வலப்பக்கம் செதுக்கலில் எளிமையாக விடப்பட்டிருப்பதால், இடப்புறம் சாய்வாக நின்று பார்ப்பதற்கே செய்யப்பட்டது என்று புரியும்.

பெர்காமோன் என்றதும் எல்லோர் நினைவுக்கும் வருவது பெரிய பலிபீடம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டின் முற்பகுதி, வெளிச்சுவரில் 2.3 மீட்டர் உயரமும் சுமார் 113 மீட்டர் நீளமும் உள்ள புடைப்புவரிசையில் தேவர்களும் அசுரர்களும் மோதுகிறார்கள். குழிந்த கண், புருவத்துக்கு மேல் முடிச்சு, திறந்த வாய், பின்னணியிலிருந்து ஏறக்குறைய பிரிந்து நிற்கும் உடல்கள். படிக்கட்டருகே உருவங்கள் சுவரைவிட்டு இறங்கிப் படியிலேயே முழங்கால் ஊன்றுகின்றன. தேவர்களின் பெயர் மேல் விளிம்பில், அசுரர்களின் பெயர் கீழ் விளிம்பில். சிற்பிகளின் பெயர்களும் கீழே வெட்டப்பட்டிருந்தன.

இதைப் பார்த்துவிட்டுப் பெர்காமோன் பாணி என்றாலே ஆவேசம் என்று முடிவு கட்டாதீர்கள். அதே பலிபீடத்தின் உள்முற்றத்தில் புராண வீரன் தெலெஃபோஸின் கதை சொல்லும் இன்னொரு புடைப்புவரிசை இருக்கிறது: ஆழம் குறைவு, மரங்கள், அமைதியான முகங்கள், ஒரே ஆள் அடுத்தடுத்த காட்சியில் வருவது. ஒரே கட்டடம், வேறு வேலை, வேறு பாணி. தேவைக்கேற்ப நடையை மாற்றத் தெரிந்தவர்கள் அவர்கள். இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் போய்விடும்.

மறுபக்கம் லாவோகூன். வத்திக்கானில் உள்ள இந்தச் சிலைக்குழுவின் முகமும் மார்பும் பலிபீடத்தின் அல்கியோனேயுஸ் என்ற அசுரனுக்கு அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் ரோமானிய எழுத்தாளர் பிளினி இதைச் செய்தவர்களாகச் சொல்லும் மூவரும் ரோட்ஸ்காரர்கள். ஒரே கல்லில் செய்தது என்று அவர் எழுதியதோ தவறு, பல துண்டுகள் சேர்ந்தது. முகத்தை மட்டும் வைத்து ஊர் சொன்னால் இங்கே தோற்றுவிடுவோம்.

அலெக்சாந்திரியாவில் சிக்கல் வேறு. சிலைக்கு ஏற்ற வெள்ளைப் பளிங்கு எகிப்தில் கிடைக்காது. கடல் வழியே வர வேண்டும். ஆகவே முகத்தை மட்டும் பளிங்கில் செய்து, தலைமுடியையும் பின்மண்டையையும் சுதையால் முடித்து வண்ணம் பூசினார்கள். சுதை உதிர்ந்தபின் தலை பின்னால் தட்டையாக, சொரசொரப்பாக வெட்டுண்டது போல நிற்கும். அதை உடைசல் என்று குறித்துவைப்பது அடிக்கடி நடக்கும் பிழை. உடைந்த பரப்பு ஒழுங்கில்லாமல் இருக்கும். சுதைக்காகத் தயாரித்த பரப்பில் உளித்தடம் சீராக ஓடும். உள்ளூர்க் கருங்கல்லில் செய்தபோது எகிப்திய முறையே தொடர்ந்தது: முதுகை ஒட்டிய தூண், முன்வைத்த இடக்கால். ஆனால் எகிப்தை ஆண்ட கிரேக்க வம்சமான தாலமி அரசர்களில் சிலருக்கு நெற்றித்துணியின் கீழ் கிரேக்கச் சுருள்முடி எட்டிப்பார்க்கும்.

ஏதென்ஸ் பழமையைப் பிடித்துக்கொண்டது. அதன் பட்டறைகள் பின்னாளில் பழைய உருவங்களைப் புதிய குவளைகளில் செதுக்கி ரோமுக்கு ஏற்றுமதி செய்து வாழ்ந்தன.

கிரேக்கத் தீவான டெலோஸில் கிடைத்த 'போலி விளையாட்டு வீரன்' சிலையில் வழுக்கையும் தொங்கு தசையும் கொண்ட நடுவயது முகம், இளம் வீரனின் அம்மண உடல்மேல் உட்கார்ந்திருக்கிறது. இந்த விசித்திரத்தை டெலோஸ் பாணி என்பார்கள். ஆனால் அங்கே இத்தாலிய வணிகர் ஒஃபெல்லியுஸுக்கு எழுப்பிய சிலையில் கையெழுத்திட்டவர்கள் ஏதென்ஸ்காரர்கள். பாணியைத் தீர்மானித்தது பணம் கொடுத்தவரின் விருப்பம்.

எனவே குறிப்பு எழுதும்போது கல் வந்த ஊர், சிற்பியின் ஊர், கிடைத்த ஊர் என மூன்றையும் தனித்தனியாக எழுதுங்கள். மிலோ வீனஸையே எடுத்துக்கொள்ளுங்கள்: கல் பாரோஸ், 1820-இல் கிடைத்தது மெலோஸ் தீவில், அதோடு கிடைத்துப் பிறகு தொலைந்துபோன பீடத்துண்டில் இருந்த சிற்பியின் ஊரோ மயாண்டர் ஆற்றங்கரை அந்தியோக்கியா.