கொஞ்சம் மிஞ்சும் சம்பளத்தில் யாருக்கு எப்படி உதவுவது?

கேள்வி: குடும்பச் செலவு போக மாதம் மிஞ்சுவது சொற்பமே. ஆயினும் எங்கள் பகுதியில் படிக்கும் பிள்ளைகளுக்கும் சிறு தொழில் செய்வோருக்கும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நெடுநாளாக நினைக்கிறேன். பெரிய நன்கொடை தர இயலாத நான் எங்கிருந்து தொடங்குவது?

பதில்: சிறு தொழில் செய்பவருக்கு நீங்கள் செய்யக்கூடிய முதல் உதவிக்குக் கூடுதலாக ஒரு காசும் செலவில்லை. அவருக்குத் தர வேண்டியதை அன்றைக்கே தந்துவிடுங்கள். ஒரு தையற்காரரை எண்ணிப் பாருங்கள். தைத்து முடித்த உடைகள் பெயர்ச்சீட்டுடன் கொக்கியில் தொங்குகின்றன. துணிக்கும் நூலுக்கும் அவர் ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டார். உரியவர் வந்து உடையை எடுத்துக்கொண்டு, "அடுத்த வாரம் தருகிறேன்" என்று சொல்லிப் போகிறார். கணக்குப்படி தையற்காரருக்கு இலாபந்தான், ஆனால் அடுத்த வேலைக்கு நூல் வாங்கக் கையில் காசில்லை. நல்ல வியாபாரமும் பல நேரங்களில் இப்படித்தான் நொடிக்கிறது: வாடிக்கையாளர் இல்லாமல் அல்ல, கைம்முதல் மற்றவர்களிடம் முடங்கிக் கிடப்பதால். முன்பணம் கொடுப்பது, பேரம் பேசாமல் வாங்குவது, வேலை பிடித்திருந்தால் நாலு பேரிடம் சொல்வது ஆகியவை எல்லாம் இதற்கு அடுத்தவை. உங்களுக்குக் கணக்கெழுதத் தெரிந்தால், கடைப் பணத்தையும் வீட்டுப் பணத்தையும் தனித்தனி நோட்டில் எழுதப் பழக்கிவிடுவது ஒரு தொகையைக் கையில் கொடுப்பதைவிட நெடுநாள் நிற்கும்.

கடன் கொடுக்கலாமா என்ற எண்ணமும் உங்களுக்கு வந்திருக்கும். 1976இல் வங்காளதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பொருளியல் பேராசிரியர் முகமது யூனுஸ் 42 பேருக்குத் தம் கையிலிருந்து கொடுத்த தொகை மொத்தமே 27 டாலர். அதிலிருந்து வளர்ந்த, ஏழைகளுக்குச் சிறுகடன் தரும் கிராமீன் வங்கிக்கும் அவருக்கும் 2006இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அந்தக் கதை உண்மை. ஆனால் பின்னாளில் ஆறு நாடுகளில் நடந்து 2015இல் வெளியான ஆய்வுகள், சிறுகடனால் தொழில் செய்வோருக்கு ஓரளவு வசதி கூடியதையே கண்டன. வறுமை நீங்குமளவுக்கு வருமானம் உயர்ந்ததாகக் காணவில்லை. ஆகவே தெரிந்தவருக்குக் கடன் கொடுப்பதானால், திரும்பி வராவிட்டாலும் உறவு முறியாத அளவுக்கு மட்டும் கொடுங்கள். தவணைத் தேதியை எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கல்வி விஷயத்தில் நான் செய்த தவற்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பள்ளிக்குப் பெட்டி நிறையப் புத்தகங்கள் கொடுத்துவிட்டு, ஓராண்டு கழித்துப் போனபோது, அவை பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் நான் அடுக்கிய வரிசையிலேயே இருந்தன. பிள்ளைகளால் அவற்றைப் படிக்க முடியுமா என்று நான் கேட்டிருக்கவே இல்லை. கென்யாவில் பொருளியலாளர் மைக்கேல் கிரெமரும் அவருடைய சக ஆய்வாளர்களும் பாடநூல்களை இலவசமாக வழங்கிப் பார்த்தபோது, ஏற்கெனவே முன்னணியில் இருந்த மாணவர்களே பயனடைந்தார்கள். சராசரி மதிப்பெண் உயரவில்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன, பலருக்கு அது மூன்றாவது மொழி. இதற்கு மாறாக, மும்பையிலும் வடோதராவிலும் பின்தங்கிய மூன்றாம், நான்காம் வகுப்புப் பிள்ளைகளைத் தனியே அமர்த்தி, அந்தந்தப் பகுதியைச் சேர்ந்த இளம்பெண்கள் நாளுக்கு இரண்டு மணி நேரம் அடிப்படைப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது மதிப்பெண்கள் நன்றாகவே கூடின. அவர்கள் பயிற்சி பெற்ற ஆசிரியர்கள் அல்லர், பள்ளிப் படிப்பை முடித்தவர்கள், அவ்வளவே.

உங்களால் நாளுக்கு இரண்டு மணி நேரம் ஒதுக்க முடியாது. வாரத்துக்கு இரண்டு மாலைகள், மூன்று பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பத்தியை உரக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். எழுத்தின் கீழ் விரலை நகர்த்திக்கொண்டே போகும் பிள்ளை ஒரு சொல்லில் நின்று, படத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லும். எந்த வகுப்பில் இருந்தாலும் அந்தப் பிள்ளைக்குப் பாடம் அந்தச் சொல்லிலிருந்தே தொடங்க வேண்டும். பெற்றோரின் சம்மதத்துடன், பலர் வந்துபோகும் பொது இடத்தில் நடத்துங்கள். ஒப்புக்கொண்ட மாலையில் தவறாமல் போய்விடுங்கள்.

மிஞ்சும் பணத்தை எதற்குக் கொடுப்பது என்பதைப் பள்ளியின் தலைமையாசிரியரிடமே கேளுங்கள். "என்ன வேண்டும்" என்று பொதுவாகக் கேட்காமல், "சென்ற மாதம் எந்தப் பிள்ளை, எதனால் வரவில்லை" என்று கேளுங்கள். பேருந்துக் கட்டணமோ மூக்குக் கண்ணாடியோ காலணியோ, பதிலில் வரும் பொருள் பெரும்பாலும் உங்கள் கைக்கு எட்டுவதாகவே இருக்கும்.