நடந்ததைத்தானே சொன்னேன்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சபையில் ஒரு சகோதரியின் பழைய தவறைத் தோழியிடம் சொன்னேன். நடந்த விஷயம்தான், ஒரு சொல்கூடக் கூட்டவில்லை. இதுவும் அவதூறா?

பதில்: அவதூறு அல்ல, புறங்கூறுதல். ரோமர் 1:29-30-ல் பவுல் இரண்டையும் தனித்தனியே பெயர் சொல்லிப் பட்டியலில் வைக்கிறார். புறங்கூறுகிறவர் என்பதற்கான கிரேக்கச் சொல்லுக்குக் காதோடு காதாகக் கிசுகிசுப்பவர் என்று பொருள். சொன்ன செய்தி மெய்யா பொய்யா என்ற பேச்சே அதில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி ஏடும் (எண் 2477) பொய் சொல்லிப் பெயரைக் கெடுப்பதோடு, ஒருவருடைய மெய்யான குறையைத் தக்க காரணமின்றி, அதை அறியாதவரிடம் வெளிப்படுத்துவதையும் குற்றமாகவே எண்ணுகிறது. அந்தச் சகோதரியின் தவறு தெரிந்ததால் உங்கள் தோழி செய்யவேண்டிய காரியம் ஏதாவது இருந்ததா? இல்லையென்றால் தக்க காரணம் இல்லை.

கேள்வி: ஜெபக்குறிப்பாகச் சொல்லலாமா?

பதில்: “அந்த அண்ணன் மறுபடியும் குடிக்க ஆரம்பித்துவிட்டாராம், ஜெபித்துக்கொள்ளுங்கள்.” இந்த வாக்கியத்தில் ஜெபத்துக்குத் தேவையானது கடைசிச் சொல் மட்டும்தான். “ஒரு குடும்பத்துக்காக ஜெபிப்போம்” என்றாலே போதும், கர்த்தருக்கு விலாசம் தெரியும். விவரம் சொல்லவேண்டுமானால் அந்த அண்ணனிடமே முன்கூட்டிக் கேட்டு அனுமதி வாங்குங்கள்.

கேள்வி: சபைப் பணத்தில் மூப்பர் ஒருவர் கைவைத்துவிட்டதாகப் பேச்சு. வாயைத் திறந்தால் கோள், மூடிக்கொண்டால் உடந்தை. என்னதான் செய்வது?

பதில்: உங்களிடம் சொன்னவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். நீங்களே பார்த்தீர்களா? எந்த மாதக் கணக்கு? உங்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கலாமா? வெறும் வதந்தி என்றால் பெரும்பாலும் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடும். கொரிந்து சபையின் சண்டையைக் கண்டிக்கும் பவுல், குலோவேயாளின் வீட்டார் அறிவித்தார்கள் என்று, சொன்னவர்கள் யாரென்பதைத் திறந்தே எழுதுகிறார் (1 கொரிந்தியர் 1:11). பயத்தால் பெயரை மறைப்பவர்களும் உண்டு. அவர்களைக் கணக்குத் தணிக்கை செய்பவரிடம் நீங்களே அழைத்துப்போங்கள், ஊர்வாயில் விடாதீர்கள்.

ஒரு பக்கத்தை மட்டும் கேட்டு முடிவு கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு 2 சாமுவேல் 16-ஐப் பாருங்கள். கலகம் செய்த தன் மகன் அப்சலோமிடமிருந்து ராஜா தாவீது தப்பி ஓடுகிறார். களைத்துப்போன அந்த நேரத்தில் 200 அப்பங்களோடு வந்த சீபா, தன் எஜமானும் முந்தைய ராஜா சவுலின் பேரனுமான மேவிபோசேத் ராஜ்யத்துக்கு ஆசைப்பட்டு எருசலேமில் தங்கிவிட்டதாகச் சொல்கிறான். விசாரணை எதுவும் இல்லை, சொத்து முழுவதும் அங்கேயே சீபாவுக்குப் போய்விடுகிறது. 19-ஆம் அதிகாரத்தில், ராஜா போன நாள்முதல் தாடியைச் சீர்படுத்தாமல், துணி வெளுக்காமல் இருந்த மேவிபோசேத் எதிரே வந்து நிற்கிறார். அப்போதும் நிலத்தில் பாதிதான் அவருக்கு என்று தீர்ப்பாகிறது. ராஜாவாலேயே முழுதாகச் சரிசெய்ய முடியவில்லை.

ஆதாரம் இருந்தால் 1 தீமோத்தேயு 5:19-20-ன்படி போங்கள். இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர்மேல் புகாரை ஏற்கக்கூடாது, பாவம் உறுதியானால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ளவேண்டும். இரண்டாவது பாதியைப் பல சபைகள் வசதியாக மறந்துவிடுகின்றன என்பது வேதனை.

ஒன்றை அழுத்திச் சொல்கிறோம். குழந்தையிடம் பாலியல் அத்துமீறல், வீட்டில் அடி உதை என்றால், மத்தேயு 18:15-ஐக் காட்டி “தனியே போய்ப் பேசு” என்று பாதிக்கப்பட்டவரை அனுப்பவே கூடாது. உடனே காவல்துறைக்குச் சொல்லுங்கள். ஊமையனுக்காக வாயைத் திற என்ற நீதிமொழிகள் 31:8 இதற்குத்தான்.

கேள்வி: வாட்ஸ்அப் குழுவில் ஒருவரைப் பற்றிப் பகிர்ந்துவிட்டேன். பொய் என்று பிறகு தெரிந்தது. அழித்துவிட்டேன், போதுமா?

பதில்: போதாது. படித்தவர்கள் மனதில் அது இன்னும் இருக்கிறது. அதே குழுவில், “நான் அனுப்பிய செய்தி பொய். விசாரிக்காமல் அனுப்பியது என் தவறு” என்று எழுதுங்கள். “யாராவது புண்பட்டிருந்தால்” என்று இழுக்காதீர்கள், அது மன்னிப்பே அல்ல. பழைய குற்றச்சாட்டை விவரமாகத் திரும்ப எழுதினாலும் அதையே மறுபடி பரப்பியதாகிவிடும். வேறு யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ அவர்களுக்கும் தனித்தனியே சொல்லுங்கள். பிறகு பாதிக்கப்பட்டவரை நேரில் பாருங்கள். அவர் உடனே மன்னிக்காமல் இருக்கலாம், அதற்காக அவரிடம் வசனம் பேசவேண்டாம்.