வாசகர் கேள்வி – பதில்: பேஸ்பால் சீசன் நெருங்குகிறது

கேள்வி: பிப்ரவரி நடுவில் அமெரிக்க பேஸ்பால் அணிகள் அரிசோனாவிலும் புளோரிடாவிலும் வசந்தகாலப் பயிற்சிக்குக் கூடுகின்றன. அங்கே நடக்கும் ஆட்டங்களின் வெற்றி தோல்வியை வைத்து வரும் சீசனைக் கணிக்க முடியுமா? (கோவை வாசகர்)

பதில்: முடியாது. அணிகள் சரிபாதியாகப் பிரிந்து, 15 அணிகள் புளோரிடாவிலும் 15 அணிகள் அரிசோனாவிலும் ஆடும் அந்தப் பயிற்சி ஆட்டங்களில் யார் வென்றார்கள் என்பதை ஏப்ரலில் எவரும் நினைவில் வைத்திருப்பதில்லை. ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) குளிர்காலத்தில் கற்றுக்கொண்ட புதுவகைப் பந்தை அங்கே மீண்டும் மீண்டும் வீசிப் பார்ப்பார். அது அடிபட்டால் அவருக்குக் கவலையில்லை. பெயர் பெற்றவர்கள் இரண்டு மூன்று இன்னிங்ஸ் ஆடிவிட்டுக் கிளம்பியபின், முதுகில் எண்பதுகளில் எண் தாங்கிய, அணியில் இன்னும் நிலையான இடம் பெறாத இளைஞர்கள் மீதியை ஆடி முடிப்பார்கள். அரிசோனாவின் உலர்ந்த காற்றில் பந்து சற்றுக் கூடுதலாகவே பறக்கும் என்பதால், அங்கே எல்லை தாண்டிப் பறக்கும் ஹோம் ரன்களைக் கொஞ்சம் தள்ளுபடி செய்துதான் ரசிக்க வேண்டும்.

நான் அந்த வாரங்களில் பார்ப்பது இரண்டே இரண்டு செய்திகளை. ஒன்று, யாருடைய தோள் அல்லது முழங்கை வலிக்கிறது என்பது. மற்றொன்று, பிட்சர்களின் பந்துவேகம் சென்ற ஆண்டின் அளவுக்கு ஏறிவிட்டதா என்பது. மற்றவர்களுக்குச் சில நாள்கள் முன்னதாகவே பிட்சர்களும், அடிப்பவருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சர்களும் வந்து சேர்வதற்குக் காரணமும் பிட்சரின் அந்தக் கைதான். அதைப் பல வாரங்களில் படிப்படியாகத்தான் முழு வேகத்துக்குக் கொண்டுவர இயலும்.

கேள்வி: தாங்கள் சியாட்டல் மரினர்ஸ் ரசிகர் என்று முன்பே எழுதியிருக்கிறீர்கள். 2025 அக்டோபரில் அவ்வளவு அருகில் வந்து தோற்ற அணிக்காக மறுபடியும் எப்படி ஆவலோடு காத்திருக்க முடிகிறது? (மதுரை வாசகர்)

பதில்: முன்பைவிட இப்போது காத்திருப்பது கடினமாக இருக்கிறது என்பதே உண்மை. 1977-இல் தொடங்கிய இந்த அணி, முப்பது அணிகளில் உலகத் தொடர் என்னும் இறுதிச் சுற்றை ஒருமுறைகூட எட்டாத ஒரே அணி. 2001-இல் 116 ஆட்டங்களை வென்றும், உலகத் தொடருக்கு முந்தைய சுற்றான அமெரிக்கன் லீக் இறுதியில் நியூயார்க் யாங்கீஸிடம் தோற்றது. அதன்பின் 2022 வரை பிளேஆஃப் எனப்படும் அக்டோபர் ஆட்டங்களுக்கே தகுதி பெறவில்லை. 2012-இல் எதிரணியினர் ஒருவரையும் முதல் தளத்தைக்கூட எட்டவிடாமல் முழு ஆட்டத்தையும் வீசி முடித்த ஃபீலிக்ஸ் ஹெர்னாண்டஸ், சியாட்டலுக்கு ஆடிய பதினைந்து சீசன்களில் ஒரு பிளேஆஃப் ஆட்டத்தில்கூடப் பந்து வீசாமலே விடைபெற்றார். அந்த ஆண்டுகளில் எங்களுக்கு எதிர்பார்ப்பு என்ற ஒன்றே இருக்கவில்லை. ஆகவே ஏமாற்றமும் சிறியதாகவே இருந்தது. பிப்ரவரியில் ஏதோ ஓர் இளைஞன் நன்றாக ஆடுவான் என்று நம்புவோம், ஜூலையில் அதை மறந்துவிடுவோம்.

2025 அந்த வசதியைப் பறித்துக்கொண்டது. கேட்சர் கால் ராலி 60 ஹோம் ரன்கள் அடித்தார். கேட்சராக ஆடும் வேறு எவரும் ஒரு சீசனில் 48-ஐத் தாண்டியதில்லை. 2001-க்குப் பிறகு முதன்முறையாக அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. டொராண்டோவுக்கு எதிரான லீக் இறுதியின் ஏழாம் ஆட்டத்தில், 3–1 என முன்னணியில் இருந்தபோது, உலகத் தொடருக்கு இன்னும் எட்டு அவுட்கள் மட்டுமே தேவைப்பட்டன. அந்த ஏழாவது இன்னிங்ஸில் டொராண்டோவின் ஜார்ஜ் ஸ்பிரிங்கர் அடித்த ஹோம் ரன்னில் மூன்று ரன்கள் வந்தன. ஆட்டம் 4–3 என்று முடிந்தது.

ராலி மறுபடியும் 60 அடிப்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. நாற்பது அடித்தாலே நிறைவடைவேன். சீசனின் நடுவில் வந்து அணியைத் தூக்கி நிறுத்திய ஜோஷ் நெய்லரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் தக்கவைத்துக்கொண்டது நல்ல அறிகுறி. ஆனால், இம்முறை நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது என்பதுதான் என்னை அச்சுறுத்துகிறது. தோற்றால் ‘இவர்கள் எப்போதும் இப்படித்தான்’ என்று சொல்லித் தப்பிக்க இயலாது.

கேள்வி: 2026 முதல் அம்பயரின் தீர்ப்பை வீரர்கள் இயந்திரத்திடம் முறையிடலாம் என்கிறார்களே, அது ஆட்டத்தைக் கெடுத்துவிடாதா? (திருச்சி வாசகர்)

பதில்: கெடுக்காது என்றே நினைக்கிறேன். எல்லாப் பந்துகளையும் இயந்திரமே தீர்மானிக்கும் முறையல்ல இது. பந்து ஸ்ட்ரைக் எல்லைக்குள் (அடிப்பவருக்கு முறையாக வீசப்பட்டதாகக் கொள்ளப்படும் பகுதிக்குள்) வந்ததா என்ற தீர்ப்பு முதலில் அம்பயருடையதுதான். ஒவ்வோர் அணிக்கும் இரண்டு முறையீடுகள் உண்டு. முறையீடு சரியென்று தெரிந்தால் அது கழிக்கப்படாது. அடிப்பவர், பிட்சர், கேட்சர் ஆகிய மூவரில் ஒருவர், வெளியிலிருந்து எந்த உதவியும் பெறாமல், உடனே தம் தலையைத் தொட்டு அறிவிக்க வேண்டும். ஸ்ட்ரைக் எல்லையின் மேல்கோடு அடிப்பவரின் உயரத்தில் 53.5 விழுக்காட்டிலும் கீழ்க்கோடு 27 விழுக்காட்டிலும் வரையறுக்கப்பட்டிருக்கின்றன. எனக்குச் சிறு வருத்தம் ஒன்றுண்டு: எல்லைக்கு வெளியே வந்த பந்தைக் கையுறையின் ஓர் அசைவால் உள்ளே வந்ததுபோலக் காட்டும் கேட்சர்களின் கலை இனிக் கொஞ்சம் மதிப்பிழக்கும். மாறாக, இருக்கும் இரண்டு முறையீடுகளை முதல் இன்னிங்ஸிலேயே கோபத்தில் வீணாக்கும் வீரர்களைப் பார்க்கும் வேடிக்கை கிடைக்கும். 2023-இல் பந்து வீசுவதற்கு நேரக்கெடு வைத்தபோதும் பலர் முணுமுணுத்தார்கள். ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் ஏறத்தாழ 24 நிமிடம் குறைந்தபின் அந்த முணுமுணுப்பு அடங்கிவிட்டது.

கேள்வி: ஓர் அணிக்கு 162 ஆட்டங்கள் என்பது மிகை அல்லவா? (சேலம் வாசகர்)

பதில்: மிகைதான், அதனால்தான் எனக்குப் பிடிக்கிறது. மிகச் சிறந்த அணியும் ஐம்பது அறுபது முறை தோற்கும். மிக மோசமான அணியும் பெரும்பாலும் ஐம்பது முறையாவது வெல்லும். 2024-இல் சிகாகோ வைட் சாக்ஸ் 121 ஆட்டங்களில் தோற்று, 1900-க்குப் பிந்தைய சாதனை படைத்தபோதும், 41 நாள் அவர்களுடைய ரசிகர்கள் மகிழ்ச்சியோடு உறங்கப் போனார்கள். ஒரு தோல்வியைப் பற்றி நெடுநேரம் புலம்ப முடியாதபடி மறுநாளே அடுத்த ஆட்டம் வந்துவிடும்.

கேள்வி: இங்கிருந்து நேரலையில் பார்க்க இயலுமா? (நெல்லை வாசகர்)

பதில்: இயலும், அதிலும் மேற்குக் கரை அணிகள் நமக்கு வசதி. சியாட்டலில் மாலை 6.40-க்குத் தொடங்கும் ஆட்டம், கோடைக்கால நேரக் கணக்குப்படி, நமக்குக் காலை 7.10-க்குத் தொடங்குகிறது. அலுவலகம் செல்வோர் பாதியில் விட்டுவிட்டுத்தான் போக வேண்டியிருக்கும்.

கேள்வி: இந்த ஆண்டு கோப்பை யாருக்கு? (சென்னை வாசகர்)

பதில்: 2024, 2025 இரண்டு ஆண்டுகளிலும் வென்ற லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்கே வாய்ப்பு அதிகம் என்று பந்தயத்தில் பணம் கட்டுவோர் சொல்வார்கள், அதை மறுக்க என்னிடம் காரணமில்லை. ஆனால், 2006-இல் 83 ஆட்டங்கள் மட்டுமே வென்று பிளேஆஃபுக்குள் நுழைந்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அந்த ஆண்டின் உலகத் தொடரையே வென்றதை யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. எனக்கு இதைவிடப் பெரிய கவலை, உரிமையாளர்களுக்கும் வீரர்கள் சங்கத்துக்கும் இடையிலான ஒப்பந்தம் 2026 டிசம்பர் 1-இல் முடிவது பற்றியது. 1994-இல் நடந்த வேலைநிறுத்தம் உலகத் தொடரையே இரத்து செய்ய வைத்தது. ஆகவே, 2027 பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாத நிலையில், இந்த சீசனின் ஓர் ஆட்டத்தையும் தவறவிடும் எண்ணம் எனக்கு இல்லை.