30 நாளில் 10 கிலோ: ஜிம்முக்கு ஒரு வருடப் பணம் கட்டலாமா?

கேள்வி: நான் பெண், வயது 38, உயரம் 158 செ.மீ., எடை 74 கிலோ. வீட்டருகே உள்ள ஜிம்மில் மாதம் 2,000 ரூபாய். ஒரு வருடத்துக்குச் சேர்த்துக் கட்டினால் 15,000. "30 நாளில் 10 கிலோ குறைத்துக் காட்டுகிறோம்" என்கிறார்கள். ஆஃபர் இந்த வாரத்தோடு முடிகிறதாம். சேரலாமா?

பதில்: சேருங்கள், ஆனால் ஒரு மாதத்துக்கு மட்டும். இந்த வாரத்தோடு முடியும் ஆஃபர் ஆடியிலும் வரும், பொங்கலுக்கும் வரும்.

ஒரு கிலோ உடல் கொழுப்பில் சுமார் 7,700 கலோரி இருக்கிறது. 10 கிலோவை 30 நாளில் கரைக்க வேண்டுமானால் தினமும் 2,500 கலோரிக்கு மேல் துண்டு விழ வேண்டும். அதிக உடலுழைப்பு இல்லாத பெண்ணுக்கு ஒரு நாள் முழுக்கத் தேவை என ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) வகுத்திருப்பதே 1,660 கலோரிதான். பட்டினி கிடந்தாலும் கணக்கு உதைக்கிறது. முதல் வாரம் எடை மெஷினில் 2 கிலோ இறங்கக்கூடும். சோற்றைக் குறைத்ததும் உடம்பு சேமித்து வைத்திருந்த மாவுச்சத்தான கிளைக்கோஜனும் அதோடு சேர்ந்திருந்த தண்ணீரும் போவதுதான் அதில் பெரும்பகுதி. அதைக் காட்டித்தான் தனிப் பயிற்சியாளர் பேக்கேஜை நீட்டுவார்கள்.

வாரத்துக்கு அரை கிலோ என்பது பத்திரமான வேகம். நடுவில் கல்யாணம், காய்ச்சல், பிள்ளைகளின் பரீட்சை எல்லாம் வரும். ஆகவே 3 மாதத்தில் 4 கிலோ என்று வையுங்கள். முதல் மாதம் அந்த இலக்குகூட வேண்டாம்: 12 நாள், தலா 45 நிமிடம், அவ்வளவே. பலர் முதல் வாரமே ஆறு நாள், ஒன்றரை மணி நேரம் என்று இறங்குகிறார்கள். புதிய பயிற்சியின் தசைவலி ஓரிரு நாள் கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மாடிப்படி இறங்க முடியாமல் போனதும் வருகை நின்றுவிடுகிறது. நாற்காலியில் உட்கார்ந்து எழுவதுபோல ஸ்குவாட் 10 தடவை, 2 செட் போதும். இரண்டு செட்டிலும் 12 தடவை சிரமமில்லாமல் வந்த பிறகு கையில் 2 கிலோ டம்பெல் எடுக்கலாம். மூட்டுவலி, ரத்த அழுத்தம் இருந்தால் டாக்டரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

வாரம் 3 நாள் வீதம் வருடம் முழுக்கப் போனால் சுமார் 150 நாள். ஒரு நாளுக்கு 100 ரூபாய். இரண்டே மாதத்தில் நின்றுவிட்டால் 24 நாள், நாளுக்கு 625 ரூபாய். மாதாமாதம் கட்டியிருந்தால் போயிருப்பது 4,000தான். 12 நாள் இலக்கை எட்டினால் அடுத்து 3 மாதச் சந்தா எடுங்கள். இடையில் நிறுத்தி வைக்கும் வசதி உண்டா என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள். இன்னொன்று: ஜிம் கட்டணத்துக்கான ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டது. பில்லில் பழைய விகிதம் இருந்தால் கேளுங்கள்.

கேள்வி: ஒரு வருடத்துக்குக் கட்டி 2 மாதம்தான் போனேன். "பணம் திருப்பித் தரப்படாது" என்று ரசீதில் அச்சடித்திருக்கிறார்கள். வழி உண்டா?

பதில்: ஏன் நின்றீர்கள் என்பதைப் பொறுத்தது. ஜிம் இடம் மாறியது, பெண்களுக்கான நேரத்தை எடுத்துவிட்டார்கள், ட்ரெட்மில் பழுதாகியே கிடந்தது என்றால் அது சேவைக் குறைபாடு. அந்த அச்சடித்த வரி அவர்களைக் காப்பாற்றிவிடாது. உங்களுக்கே அலுத்துவிட்டது என்றால் வழக்கு பலவீனம். சந்தாவை வேறொருவர் பெயருக்கு மாற்றித் தரக் கேட்பது அப்போது லாபம்.

முதலில் எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பும் ஆதாரம்தான். 15 நாள் அவகாசம் கொடுத்துவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அதிலும் முடியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சத்துக்குள் என்றால் மனுக் கட்டணம் கிடையாது. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் போட வேண்டும். விளம்பர நோட்டீஸ், சுவர் போர்டின் போட்டோ, ரசீது மூன்றையும் பத்திரப்படுத்துங்கள்.

இஎம்ஐயில் கட்டியிருந்தால் கோபத்தில் தவணையை நிறுத்தாதீர்கள். கடன் கொடுத்தது ஜிம் அல்ல, நிதி நிறுவனம்; சிபில் ஸ்கோர் அடிபடுவது உங்களுக்கு.

கேள்வி: கோச் விற்கும் புரோட்டீன் பவுடரை வாங்கலாமா?

பதில்: சீல் உடையாத டப்பா, 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண், பேட்ச் எண், காலாவதித் தேதி, பில் இவை இருந்தால் யோசிக்கலாம். பாலித்தீன் கவரில் கொட்டிக் கொடுத்தால் இலவசமானாலும் வேண்டாம்.