தேவையற்ற சிசேரியன்களைக் குறைக்க மருத்துவமனைகள் என்ன செய்யலாம்?

முதற்பிள்ளைக்குச் செய்யப்படும் சிசேரியன்களில்தான் கை வைக்க வேண்டும் என்பேன். நான் மருத்துவர் அல்லேன். வெள்ளவத்தையில் வசிக்கும், இரண்டு பிள்ளைகளையும் சத்திரசிகிச்சை மூலம் பெற்ற தாய்.

முதல் முறை, கொழும்பில் ஒரு தனியார் மருத்துவமனையில், இரவு 10 மணிக்குக் கருப்பை வாய் 4 சென்ரிமீற்றர் திறந்திருப்பதாகச் சொன்னார்கள். அதிகாலை 3 மணிக்கும் அதே 4. பிள்ளையின் இதயத்துடிப்பு நன்றாகவே இருந்தது. ஆயினும் 'முன்னேற்றம் இல்லை' என்று எழுதிவிட்டு என்னைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மணிக்கு 1 சென்ரிமீற்றர் திறக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டலின்படி, பிரசவம் தீவிரமடைவது 5 சென்ரிமீற்றரில்தான். தாயும் சேயும் நலமாக இருக்கையில், மெதுவாகத் திறக்கிறது என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தலையிடுவது தகாது. இதை நான் பிற்பாடுதான் வாசித்து அறிந்தேன்.

இரண்டாம் முறை இயல்பான பிரசவம் என்ற பேச்சுக்கே இடமிருக்கவில்லை. "ஏற்கெனவே வெட்டின வயிறு, ஏன் பிள்ளை வீண் பயம்?" என்றார் நிபுணர். பயம் வீணானதன்று: அப்படி முயலும்போது கருப்பையின் பழைய தழும்பு பிரியும் ஆபத்து ஏறத்தாழ 200 பேரில் ஒருவருக்கு உண்டு. ஆனால், தகுந்த நிலையில் முயல்வோரில் நான்கில் மூவர் அளவில் இயல்பாகவே பெறுகிறார்கள் என்பதையும், தழும்பு கூடக் கூட அடுத்த கர்ப்பத்தில் நஞ்சுக்கொடி அதில் ஆழ ஒட்டிக்கொள்ளும் ஆபத்தும் கூடும் என்பதையும் அவர் சேர்த்துச் சொல்லியிருக்கலாம்.

இலங்கையில் இன்று மூன்றில் ஒரு பிரசவத்துக்கு மேல் சிசேரியன்தான். அவற்றுள் உயிர்காத்தவையும் பல என்பதால், மொத்த வீதத்தைக் காட்டி மருத்துவர்களை ஏசுவதில் பயனில்லை. தாய்மாரை 10 பிரிவுகளாக வகுக்கும் ரொப்சன் முறையை 2015இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. அதன்படி மாதந்தோறும் கணக்குப் பார்த்தால், தானாக வலி வந்த முதற்பேற்றுத் தாய்மாரில் எத்தனை பேர் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குப் போனார்கள் என்பது தெரிந்துவிடும். அவசரமில்லாத வேளையில் இரண்டாவது நிபுணரின் கருத்தைக் கேட்பதும், இருவகைப் பிரசவத்துக்கும் ஒரே கட்டணம் வைப்பதும் தனியார் துறைக்கு மிகவும் தேவை. (நட்சத்திரம் பார்த்துத் திகதி கேட்கும் நம்மவர்களும் 39 வாரம் நிறையும்வரையாவது பொறுக்கலாம், முந்தி எடுத்த பிள்ளைகள் மூச்சுக்குத் திணறுவது கூடுதல்.)

இவற்றைவிடச் செலவு குறைந்த வழி, வலியின்போது தாய்க்குப் பக்கத்தில் ஓர் ஆள் இருப்பது. அப்படித் தொடர்ந்து துணை இருந்த தாய்மாருக்குச் சிசேரியன் குறைவு என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கொழும்பில் அந்தத் துணைக்குத் தமிழும் தெரிந்திருக்க வேண்டும். என் இரண்டாவது சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவு, பக்கத்துக் கட்டிலில் ஹற்றனிலிருந்து வந்த பெண்ணொருத்திக்கு வலி தொடங்கியிருந்தது. தாதி சிங்களத்தில் 'மூச்சை இழுத்து விடுங்கள்' என்று சொல்லச் சொல்ல, அவள் அதைத் திட்டுவதாக எண்ணி அழுதாள். நான் எழுந்துபோய், கையைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். விடிகிற நேரம் அவள் பிரசவ அறைக்கு நடந்தே போனாள்.