இடைவேளையில் யார் முன்னிலை? பந்தயம் கட்டுவோரின் கேள்விகள்

கேள்வி: இங்கிலாந்தில் வேலை பார்க்கிறேன். ஒரு ஃபுட்பால் மேட்ச்சில், இடைவேளையின்போது சொந்த மைதான அணிதான் முன்னிலையில் இருக்கும் என்று 20 பவுண்ட் கட்டினேன். 45 நிமிடம் முடிந்தபோது 1-0. இஞ்சுரி டைமில் எதிரணி ஒரு கோல் போட்டு 1-1 ஆகிவிட்டது. பந்தயம் தோற்றது என்று பணத்தை எடுத்துக்கொண்டார்கள். முதல் பாதி என்றால் 45 நிமிடம்தானே? புகார் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால் பணம் திரும்பாது. நடுவர் இடைவேளைக்கு விசில் ஊதும் வரை முதல் பாதிதான், இஞ்சுரி டைமும் அதில் அடக்கம். நீங்கள் கட்டிய இடத்தின் விதிமுறையில் வேறு மாதிரி எழுதியிருந்தால் மட்டும் விஷயம் வேறு. அப்படி இருந்தால் முதலில் நிறுவனத்திடமே எழுத்தில் புகார் கொடுங்கள். 8 வாரத்தில் தீரவில்லை என்றால், அந்த நிறுவனம் பதிவு செய்துள்ள நடுநிலை அமைப்புக்குப் போகலாம். ஐபாஸ் அப்படிப்பட்ட ஒன்று, உங்களுக்குக் கட்டணம் கிடையாது. பிரிட்டனின் சூதாட்ட ஆணையம் லைசென்ஸ் கொடுக்கும், தனிநபர் தகராறில் தீர்ப்புச் சொல்லாது.

கேள்வி: பலமான அணி மேட்ச்சை ஜெயிக்கும் என்று கட்டினால், கட்டிய ஒவ்வொரு பவுண்டுக்கும், அந்தப் பவுண்டையும் சேர்த்து, 1.70தான் தருகிறார்கள். அதே அணி இடைவேளையில் முன்னிலை என்றால் 2.25. இது லாபம்தானே?

பதில்: தாராள மனசில் தருவதில்லை. முதல் பாதியில் பொதுவாகக் கோல் குறைவு, அதனால் இடைவேளையில் சமநிலை அடிக்கடி வரும். பலமான அணிக்கு 45 நிமிடம் போதாமல் போகலாம் என்பதற்குத்தான் அந்தக் கூடுதல் விலை.

சரி, கமிஷன் எங்கே இருக்கிறது? ஒரு கணக்குப் போடுவோம். சொந்த அணி 2.25, டிரா 2.25, எதிரணி 5.00 என்று வைத்துக்கொள்ளுங்கள். எது நடந்தாலும் 100 பவுண்ட் கைக்கு வர வேண்டும் என்று மூன்றிலும் பிரித்துக் கட்டினால் 44.44, 44.44, 20 என்று சுமார் 109 பவுண்ட் ஆகும். அந்த 9 பவுண்ட்தான் அவர்கள் பங்கு. கட்டும் முன் 100-ஐ மூன்று விலைகளாலும் தனித்தனியாக வகுத்து, வருவதைக் கூட்டிப் பாருங்கள். தொகை 100-ஐ விட்டு எவ்வளவு தள்ளிப் போகிறதோ, அவ்வளவு மோசமான கடை.

எனக்குப் பெரிதாகப் படுவது இன்னொன்று. முடிவு முக்கால் மணி நேரத்தில் தெரிந்துவிடுகிறது. ஜெயித்த பணம் உடனே கணக்குக்கு வரும், இரண்டாம் பாதிக்கு அதையே மறுபடி கட்டச் சொல்லி போன் மின்னும். ஒரே மேட்ச்சில் இரண்டு முறை கமிஷன் கொடுக்கிறோம்.

கேள்வி: இடைவேளை, முழு நேரம் இரண்டையும் சேர்த்துக் கட்டுவது எப்படி?

பதில்: இடைவேளைக்கு மூன்று முடிவு, முழு நேரத்துக்கு மூன்று முடிவு, ஆக ஒன்பது வாய்ப்புகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் இடைவேளையில் அர்ஜென்டினா 2-0. கோப்பையும் அவர்களுக்கே. ஆனாலும் 'அர்ஜென்டினா, அர்ஜென்டினா' என்று கட்டியவர்களுக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. வழக்கமாக 90 நிமிட ஆட்டமும் இஞ்சுரி டைமும்தான் கணக்கு. பிரான்ஸின் எம்பாப்பே 80, 81-ஆம் நிமிடங்களில் போட்ட கோல்களால் அது 2-2. கூடுதல் நேரமும் பெனால்ட்டியும் இந்தப் பந்தயத்தில் சேராது.

கேள்வி: என் கணவர் இதில் நிறைய விடுகிறார். அவர் கணக்கை நான் முடக்க முடியுமா?

பதில்: உங்களால் முடியாது, அவரேதான் பதிவு செய்ய வேண்டும். ஆன்லைன் சூதாட்டத்திலிருந்து தன்னைத் தானே விலக்கிக்கொள்ள உதவும் கேம்ஸ்டாப் என்ற சேவையில் இலவசமாகப் பெயர் கொடுத்தால், பிரிட்டன் லைசென்ஸ் உள்ள ஆன்லைன் நிறுவனங்கள் எல்லாம் அவரைத் தடுக்கும். குறைந்தது 6 மாதம், அல்லது 1 வருடம், 5 வருடம் என்று தேர்ந்தெடுக்கலாம். குறைந்தபட்சக் காலம் முடியும் முன் ரத்து செய்ய முடியாது. தெருவில் இருக்கும் பந்தயக் கடைகளுக்கு இது செல்லாது, அவற்றுக்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். 2020 ஏப்ரலிலிருந்து பிரிட்டனில் கிரெடிட் கார்டில் பந்தயம் கட்டத் தடை. ஆகவே பாங்க் ஸ்டேட்மென்ட்டில் டெபிட் கார்டு செலவுகளைப் பாருங்கள். பல பாங்குகளின் ஆப்பிலேயே சூதாட்டச் செலவை நிறுத்தும் வசதியும் இருக்கிறது.