டப்பாவுக்கு வயதாகிறது, உங்களுக்கு?

கேள்வி: எனக்கு வயது 61. வாரத்துக்கு இரண்டு முறைதான் பைப் புகைப்பேன். பதினான்கு ஆண்டுகளாக 50 கிராம் டப்பாக்களாக வாங்கி வைத்ததில் 140 சேர்ந்துவிட்டது. வர்ஜீனியா, லட்டாக்கியா, வாசனை ஏற்றியது என எல்லாம் உண்டு. நாள்பட்டால் ருசி கூடும் என்பதால் நல்லதைத் திறக்க மனமே வரவில்லை. எத்தனை ஆண்டு வைத்தால் உச்சம்?

பதில்: முதலில் கணக்கு. 140 டப்பா என்றால் 7 கிலோ. பைப்பை ஒரு தடவை அடைக்க இரண்டரை கிராம் என்று வைத்தால் 2,800 தடவைக்கு வரும். வாரத்துக்கு இரண்டு முறைதான் என்கிறீர்கள். அப்படியானால் கிட்டத்தட்ட 27 ஆண்டு. இன்றோடு வாங்குவதை நிறுத்தினாலும் கடைசி டப்பாவை 88 வயதில்தான் வழித்தெடுப்பீர்கள். புகையிலையின் உச்சத்தைக் கேட்கிறீர்கள். மூக்கும் நாக்கும் மங்கிக்கொண்டு வருமே, அதைக் கணக்கில் சேர்த்தீர்களா?

அடுத்தது, எல்லாப் புகையிலையும் நாள்பட்டால் கூடும் என்று யார் சொன்னது? வர்ஜீனியாவுக்கு அது பொருந்தும். சூடான காற்றில் பாடம் செய்த இலை என்பதால் சர்க்கரை இலையிலேயே தங்கிவிடுகிறது. மூடிய டப்பாவுக்குள் அது மெல்ல மெல்லப் புளித்து மாறும். புதிதாகத் திறந்தால் வைக்கோல் மணமும் நாக்கு நுனியில் ஒரு கடியும் இருக்கும். அதே கலவையை ஐந்தாறு ஆண்டு கழித்துத் திறந்தால் இலை கறுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். உலர்ந்த திராட்சையும் கொஞ்சம் புளிப்பும் கலந்த வாசம் முகத்தில் அடிக்கும். கடி அடங்கியிருக்கும். பெரிக் என்ற, அழுத்திப் புளிக்கவைத்த இலை கலந்த வர்ஜீனியாவும் இப்படித்தான். இலைமேல் மினுமினுக்கும் துகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம், அது படிகம். பஞ்சுபோல் எழும்பி ஈரத்துணி நாற்றம் அடித்தால் பூஞ்சை. தயங்காமல் கொட்டிவிடுங்கள்.

லட்டாக்கியா கதை வேறு. புகை போட்டுப் பாடம் செய்த இலை அது. அந்தப் புகைமணம்தான் அதன் உயிர். ஆண்டு ஏற ஏற அதுதான் முதலில் மங்கும். சிலருக்கு அந்த மங்கல் பிடிக்கும், எனக்குப் பிடிக்காது. வாசனை ஏற்றிய வகையைப் பூட்டி வைப்பதற்கோ பொருளே இல்லை. வெனிலாவும் செர்ரியும் மேலே தெளித்ததுதானே, காலம் அதில் என்னத்தைக் கூட்டும்?

உங்களைத் தடுப்பது ருசி அல்ல, பயம் என்று நினைக்கிறேன். 2018இல் அமெரிக்காவின் மெக்லெலண்ட் என்ற பைப் புகையிலை நிறுவனம் மூடியபோது, அதன் டப்பாக்களைத் தேடிப் போட்டி போட்டார்கள். விலை பல மடங்கு ஏறியது. அன்றிலிருந்து ‘இன்று விட்டால் நாளை கிடைக்காது’ என்று அள்ளிக் குவிப்பவர்கள் பெருகிவிட்டார்கள். அப்படிக் குவித்ததைத் திறக்கவும் மாட்டேன், கொடுக்கவும் மாட்டேன் என்றால் அது நாய் பெற்ற தெங்கம்பழம்தான். கோபித்துக்கொள்ளாதீர்கள், என் அலமாரியிலும் சில உண்டு.

இனி வாங்கினால் ஒரே கலவையில் மூன்று வாங்குங்கள். ஒன்றை இப்போதே புகையுங்கள், ஒன்றை ஐந்தாம் ஆண்டில், ஒன்றைப் பத்தாம் ஆண்டில். முதலாவதன் ருசி தெரியாமல் மூன்றாவது கூடிற்றா குறைந்ததா என்று எப்படிச் சொல்வீர்கள்? பெரிய மாற்றம் முதல் சில ஆண்டுகளில் நடந்துவிடும். பிறகு நகர்வது நத்தை வேகத்தில்.

வாரத்துக்கு இரண்டு முறைதானே என்பதில் ஒரு சமாதானம் தொனிக்கிறது. புகையை உள்ளே இழுக்காவிட்டாலும் வாய்க்கும் உதட்டுக்கும் விலக்கு கிடையாது. பைப்புக்கும் உதட்டுப் புற்றுநோய்க்கும் காரணத் தொடர்பு உண்டு என்று அமெரிக்கத் தலைமை மருத்துவ அதிகாரியின் 1964 அறிக்கையே எழுதிவிட்டது. புகையிலைக்கு வயதாவதால் அந்த நஞ்சு இறங்காது. அந்த 2,800ஐ முடித்தே தீர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். சதுர டப்பாக்களை எல்லாம் முன்னால் எடுத்து வையுங்கள். வட்ட டப்பா அளவுக்கு அவற்றின் மூடி காற்றைத் தடுக்காது. மூலையில் துரு ஏறினால் அவ்வளவுதான். ஒவ்வொன்றாகக் காதருகே குலுக்கிப் பாருங்கள். சருகுபோல் சலசலத்தால் காற்று எப்போதோ புகுந்துவிட்டது. ஈரம் ஏற்றிப் புகைக்கலாம், போன மணம் திரும்பாது.